அப்பாவின் நெகட்டிவும் லேபின் வாடகைக் கணக்கும்

கேள்வி: ஆந்திராவின் நகரியில் தறி வைத்திருந்த என் அப்பா 1987இல் ஒரு தமிழ்ப் படம் எடுத்தார். நெகட்டிவ், பிலிம் கழுவிய சென்னை லேபிலேயே தங்கிவிட்டது. அப்பா இப்போது இல்லை. லேபை மூடுகிறார்கள். போனில் கேட்டால், “முப்பது வருஷ வாடகை கட்டு, இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும், கேஸ் போடவும் காலம் கடந்துவிட்டது” என்கிறார்கள். என்னிடம் ஒரு பழைய ரசீது மட்டும்தான் இருக்கிறது.

பதில்: அந்த ரசீதை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். கோர்ட்டுக்கு அசல் அப்படியே வேண்டும்.

காலம் கடந்துவிட்டது என்பது வெறும் மிரட்டல். ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெற மூன்று வருஷம் உண்டு. அது பெட்டியை வைத்த நாளிலிருந்து ஓடாது. நீங்கள் கேட்டு, அவர்கள் மறுத்த நாளிலிருந்துதான் ஓடும் (1963ஆம் ஆண்டு லிமிட்டேஷன் சட்டம், இனம் 70). அப்பா காலத்திலேயே கேட்டு மறுத்திருந்தால் மட்டும் சிக்கல். பீரோவில் பழைய கடிதம் ஏதும் இருக்கிறதா என்று துழாவிப் பாருங்கள்.

வாடகைக்கு வருவோம். ஒப்பந்தச் சட்டம் 170ஆம் பிரிவில், ஒரு பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவர் கூலிக்காக அதைப் பிடித்து வைக்கலாம். கழுவியதற்கும் பிரிண்ட் போட்டதற்கும் பாக்கி இருந்தால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. கடன் காலாவதியானாலும் பிடித்து வைக்கும் உரிமை போகாது. நியாயமான தொகை என்றால் கட்டிவிடுங்கள், வழக்குச் செலவைவிட மலிவு. சும்மா அலமாரியில் கிடந்ததற்கு, ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தில் வாடகை பற்றி எழுதியிருந்தாலொழிய, அந்தப் பிரிவு உதவாது. எப்படியானாலும், பிடித்து வைக்கலாமே தவிர அழிக்க முடியாது.

எனக்கு உண்மையான பயம் வேறு. அப்பா பைனான்சியருக்கு ‘லேப் லெட்டர்’, அதாவது அவர் சம்மதமில்லாமல் லேப் எதையும் வெளியே தராது என்ற கடிதம், கொடுத்திருந்தாரா? யாருக்காவது நெகட்டிவ் ரைட்ஸ், அதாவது நெகட்டிவின் மேலுள்ள உரிமையை, எழுதிக் கொடுத்தாரா? கொடுத்திருந்தால், லேப் முதலில் அவரைக் கைகாட்டும்.

வாரிசுரிமைச் சான்றுக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். அது இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்கும் பங்குப் பத்திரத்துக்கும் உரியது. இறப்புச் சான்று, தாசில்தார் தரும் குடும்ப உறுப்பினர் சான்றிதழ், உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் போதும். தெலுங்கில் உள்ளதை மொழிபெயர்த்து நோட்டரி செய்துகொள்ளுங்கள்.

இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் கோணலாக வந்தால் சென்னையில்தான் வழக்கு, நகரியில் செல்லாது. அழிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும், டப்பாக்களை எண்ண, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரும் சேர்த்துக் கேளுங்கள். கம்பெனி திவால் நடைமுறையில் இருந்தாலும், பாதுகாக்கக் கொடுத்த பொருள் கடன்காரர்களுக்குப் பங்கு போகாது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் அதை விலக்கியிருக்கிறது.

வாங்கும்போது எண்ணுங்கள். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினான்கு டப்பா, சவுண்ட் நெகட்டிவுக்கு அதே அளவு தனியாக. ஒன்றிரண்டைத் திறந்து முகருங்கள். காடி வாடை அடித்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது. அதை எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். தறிக்கூடத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் மட்டும் வைக்காதீர்கள். வைத்துப் பாதுகாப்பார்களா என்று புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்.