மோடம் இருக்கிறது, மெஷ் எப்படிப் போடுவது? கடற்கரை வீடுகளுக்குக் கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் வீடு, லாட்ஜ், பண்ணை என்று நெட்வொர்க் இழுத்துக் கொடுப்பது என் வேலை. ஏற்கெனவே மோடம் இருக்கிற இடத்தில் மெஷ், அதாவது ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகள், போடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: பெட்டி வாங்கும் முன் கேபிள் எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள்.

கீழக்கரை: காக்கா, ஃபைபர் மோடம் முன்னறையில் இருக்கிறது. மெஷ் வாங்கிவிட்டால் அதைக் கழற்றிப் போட்டுவிடலாமா?

பதில்: கழற்றினால் நெட்டே வராது தம்பி. கண்ணாடி இழையில் வருவது ஒளி. அதை நம் கருவிகளுக்கு ஏற்ற மின்சிக்னலாக மாற்றுவது அந்தப் பெட்டிதான். ஓஎன்டி என்பது அதன் பெயர், மோடம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் லேன் போர்ட்டிலிருந்து மெஷ்ஷின் முதல் பெட்டிக்கு ஒரு கேபிள் போகும். மற்றதை ஆப் கேட்டுக் கேட்டுச் செய்துகொள்ளும்.

நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, இரண்டில் எது ரூட்டர், அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுத்து நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி என்பதை. முதல் வழி, மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டு, அதாவது சிக்னலை மாற்றித் தருவதோடு நிறுத்தி, மெஷ்ஷை ரூட்டராக்குவது. அதற்கு நெட் கம்பெனியின் இணைப்பில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர் பெயர், பாஸ்வேர்டு, சில இணைப்புகளுக்கு விஎலான் எண் எல்லாம் வேண்டும். கம்பெனியிடம் இவற்றைக் கையில் எழுதி வாங்காமல் பிரிட்ஜில் கை வைக்காதீர்கள். சில கம்பெனிகள் அந்த மோடையே திறந்து தருவதில்லை. மோடத்தில் தரைவழிப் போனோ டிவி பெட்டியோ மாட்டியிருந்தால் அவை தொடர்ந்து ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வழி, மோடமே ரூட்டராக இருக்கட்டும், மெஷ் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் சிக்னலை மட்டும் பரப்பட்டும். பெரும்பாலான வீடுகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன். பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பது போன்ற சில வசதிகள் மெஷ் ஆப்பில் மறைந்துவிடலாம். அது முக்கியம் என்றால் முதல் வழிக்குப் போங்கள்.

எந்த வழியானாலும் மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் போன் பழைய மோடத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். அணைத்த பிறகு அதே பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் மெஷ்ஷுக்குக் கொடுத்தால், வீட்டில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை தாமே வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு போனாக வாங்கி மாற்றும் தொல்லை மிச்சம்.

ராமநாதபுரம்: அண்ணே, எனக்கு மோடம், மெஷ் இரண்டுமே ரூட்டராகத்தான் ஓடுகிறது. நெட் நன்றாகவே வருகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: யூடியூப், வாட்ஸப் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். ஆபீஸ் விபிஎன் அறுந்தாலோ, ஆன்லைன் விளையாட்டில் நண்பர்களோடு சேர முடியாவிட்டாலோ, பிரிண்டர் ஒரு பக்கமும் லேப்டாப் மறுபக்கமும் மாட்டிக்கொண்டாலோ மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றுங்கள். இரண்டும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்தால் மோதல் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரூட்டராக இருக்கிற பெட்டியின் வான் (WAN) முகவரி, அதாவது கம்பெனி பக்கத்து முகவரி, 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், கம்பெனியே தன் பக்கத்தில் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் சேர்த்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது வெளியிலிருந்து வீட்டுக் கருவியை எட்டுவதற்கான போர்ட் ஃபார்வர்டிங்கை வீட்டுக்குள் போட்டுப் பயனில்லை.

கீழக்கரை: தம்பி, எங்களுடையது பழைய வீடு, முருகைக்கல் (பவளக்கல்) சுவர், நடுவில் முற்றம். மூன்று பெட்டி மெஷ் வைத்தும் பின்கட்டில் சிக்னல் இல்லை. அவர் துபாயிலிருந்து போட்டிம் ஆப்பில் பேசும்போது முன்கட்டிலிருந்து உள்ளே நடந்தாலே குரல் நின்றுவிடுகிறது.

பதில்: லாத்தா, அந்தச் சுவர்தான் காரணம். இன்றைய செங்கல் சுவரைவிட அது பல மடங்கு தடிமன். 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும், இரண்டாவது சுவருக்கு எதுவும் மிஞ்சாது. 2.4 கொஞ்சம் தாங்கும், ஆனால் வேகம் குறைவு.

மூன்றாவது பெட்டியைச் சிக்னலே வராத பின்னறையில்தான் வைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். வாளியைக் கைமாற்றும் வரிசையில் ஓர் ஆளை எட்டாத தூரத்தில் நிறுத்தினால் தண்ணீர் எப்படிப் போகும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைத்தால்தான் அந்தப் பெட்டி அதை வாங்கி அடுத்த பக்கம் கொடுக்கும். உங்கள் வீட்டில் முற்றம் ஒரு வரம். முற்றத்தைப் பார்த்த மாதிரி முன்கட்டில் ஒரு பெட்டி, எதிரே பின்கட்டு வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். நடுவில் சுவரே இருக்காது. இரும்பு பீரோவுக்கும் பெரிய நிலைக்கண்ணாடிக்கும் பின்னால் மட்டும் வேண்டாம்.

அதைவிட நல்லது கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள். கேபிள் இல்லாமல் பெட்டிக்குப் பெட்டி வைஃபையிலேயே பேசினால், இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மெஷ்ஷில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிள் போட்டால் அந்த நஷ்டமே இல்லை. 100 மீட்டர் வரை அது தாங்கும், எவ்வளவு பெரிய வீட்டுக்கும் போதும். சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டால் உதிரும், அதனால் கதவு நிலையின் ஓரமாகவோ ஏற்கெனவே கரண்ட் வயர் போகிற துளையிலோ கொண்டுபோகச் சொல்லுங்கள். பெயர்ந்தால் அதே கல்லைத் தேடிப் பூச முடியாது. பவளம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

நடக்கும்போது குரல் நிற்பதற்கு, ஆப்பில் ஃபாஸ்ட் ரோமிங் என்று ஒன்று இருக்கும், போன் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவ உதவும், அதைப் போட்டுப் பாருங்கள். சில பழைய போன்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் அணைத்துவிடுங்கள்.

பெரியபட்டினம்: மாமா துபாயிலிருந்து மெஷ் செட் கொண்டுவந்தார். இங்கே வேலை செய்யுமா காக்கா?

பதில்: அடாப்டரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் கரண்டுக்குப் பிரச்சினை இல்லை. சதுரக்கால் பிளக்குக்கு மட்டும் கன்வெர்ட்டர் வேண்டும், அதையும் தளர்வில்லாததாக வாங்குங்கள். கடையில் வாங்கியதா, அங்குள்ள நெட் கம்பெனி கொடுத்ததா என்று கேளுங்கள். கம்பெனிப் பெட்டி என்றால் அவர்களுடைய மென்பொருளில் பூட்டியிருக்கலாம். அப்புறம், அதோடு இங்கே வேறு பிராண்டு பெட்டி ஒன்றை வாங்கிச் சேர்க்கலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஈஸிமெஷ் என்ற பொதுத் தரத்தில் இருந்தாலொழிய பேசிக்கொள்ளாது.

தங்கச்சிமடம்: அண்ணே, ஒரே காம்பவுண்டில் அண்ணன் வீடு, என் வீடு. நடுவில் தென்னந்தோப்பு, 60 மீட்டர் இருக்கும். கேபிள் இழுத்தோம், ஐப்பசி இடியில் இரண்டு பக்கமும் பெட்டி போய்விட்டது.

பதில்: வெளியில் போகும் செப்புக் கம்பி வழியாக மின்னல் அதிர்ச்சி உள்ளே வந்திருக்கும். நேரடியாக இடி விழ வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் விழுந்தாலே போதும். வீட்டுக்கு வீடு ஃபைபர் போடுங்கள். இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வைத்து, அங்கிருந்து மெஷ்ஷுக்குக் குட்டிக் கேபிள். கண்ணாடியில் கரண்ட் ஓடாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள்.

நம் ஊர் உப்புக்காற்றுக்கும் அதுதான் சரி. கேபிளின் ஆர்ஜே 45 பிளக் முனையில் பச்சைக் களிம்பு ஏறி, எட்டுக் கம்பியில் ஒன்று விட்டாலும் 1000 எம்பிபிஎஸ்ஸில் ஓட வேண்டிய இணைப்பு 100-க்கு இறங்கலாம். சத்தமில்லாமல் இறங்கும் என்பதால் பழியெல்லாம் மெஷ் மேல் விழுகிறது. செப்புக் கேபிள்தான் போடுவேன் என்றால் சுத்தச் செம்பு கேளுங்கள். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு போட்ட மலிவுச் சரக்கு கடற்கரையில் நிற்காது.

ராமேஸ்வரம்: ஹோம்ஸ்டே நடத்துகிறோம். யாத்ரீகர்களுக்கு வைஃபை கொடுத்தால் எங்கள் பில் கம்ப்யூட்டர் பத்திரமா?

பதில்: ஒரே பாஸ்வேர்டு என்றால் பத்திரமில்லை. கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போடுங்கள். ஆனால் சில மெஷ்களில் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் கெஸ்ட் பிரிவு முழுதாகப் பிரிந்து நிற்பதில்லை. கெஸ்ட் வைஃபையில் சேர்ந்து உங்கள் பிரிண்டர் பக்கம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறந்தால் உங்களுக்கு பிரிட்ஜ் வழிதான்.

மண்டபம்: சிசிடிவி கேமரா மெஷ்ஷில் சேரவே மாட்டேன் என்கிறது.

பதில்: மலிவான வைஃபை கேமராக்களில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்பவை. மெஷ் ஆப்பில் 2.4-க்கு மட்டும் தனிப் பெயர் கொடுங்கள், பாதுகாப்பை டபிள்யூபிஏ 2-ல் வையுங்கள். பலருக்கு இத்தோடு சேர்ந்துவிடும்.

தேவிபட்டினம்: திடீரென்று 5 ஜிகாஹெர்ட்ஸ் மறைந்து சற்று நேரத்தில் திரும்புகிறது அண்ணே. கரண்ட் போவதில்லை.

பதில்: மெஷ் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள். 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரேடார் என்று சந்தேகம் வந்தாலே பெட்டி அந்த இடத்தைக் காலி செய்யும். மறுபடி அப்படி ஒரு சேனலில் உட்காரும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். 36 முதல் 48-க்குள் நிறுத்திவையுங்கள். படகு ரேடார்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது வேறு அலைவரிசை.

தொண்டி: கரண்ட் போனால் நெட்டும் போகிறது.

பதில்: மினி யூபிஎஸ். மோடத்துக்கு ஒன்று, கூடவே மெஷ் முதல் பெட்டிக்கும். அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

ராமநாதபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, இரண்டு படுக்கையறை, ஒரே தளம், 50 எம்பிபிஎஸ் இணைப்பு. கடைக்காரர் வைஃபை 7 மெஷ், மூன்று பெட்டி என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் சார். மெஷ் போட்டால் 50 எம்பிபிஎஸ் 51 ஆகாது. மோடம் டிவிக்குப் பின்னால் தரையில்தானே கிடக்கிறது? கூடத்துக்கு நடுவில், ஆள் உயரத்தில் மாட்டிப் பாருங்கள். பின்னறைக்கு அப்போதும் எட்டாவிட்டால் ஒரே ஒரு ஆக்சஸ் பாயிண்ட், கேபிளோடு.