மதக் குழுக்களில் மக்கள் ஏன் சேர்கிறார்கள்? மதம் சாராத குழுக்கள் அதிலிருந்து என்ன கற்கலாம்?

கடவுள் நம்பிக்கை மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். பலர் முதலில் மனிதர்களுக்காகத்தான் போகிறார்கள், நம்பிக்கை அப்புறம் வருகிறது. அமெரிக்காவில் லிம், புட்னம் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்களின் மனநிறைவுக்கு அங்கே கிடைத்த நண்பர்கள்தான் பெரிய காரணமாகத் தெரிந்தது. இரண்டு வாரம் ஆளைக் காணோம் என்றால் யாராவது போன் செய்கிறார்கள், சாவு விழுந்த வீட்டுக்குச் சாப்பாடு போகிறது, நேற்று வந்தவரிடம்கூட நாற்காலி அடுக்கும் வேலையைக் கொடுத்து, நம்மையும் எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகிறார்கள்.

மதம் சாராத குழுக்களோ பெரும்பாலும் பேச்சாளரை அழைத்து, விவாதம் முடிந்ததும் கலைந்துவிடுகின்றன. 2013-இல் லண்டனில் தொடங்கிய சண்டே அசெம்ப்ளி என்ற மதம் சாராத குழு, கடவுள் இல்லாமலே சேர்ந்து பாடுவதை வைத்துக்கொண்டது நல்ல யோசனை. குழந்தைகளுக்கு இடமில்லாத கூட்டத்துக்குக் குடும்பங்கள் வராது, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.