பழைய பள்ளிக்கூடச் சுவருக்கு சிமென்ட் பூசலாமா?

கேள்வி: நாகை மாவட்டத்தில் நூறு வயதைத் தாண்டிய எங்கள் பள்ளியில், புயலில் ஓடுகள் பறந்து வகுப்பறைகளுக்குள் மழை இறங்கிவிட்டது. காரை பெயர்கிறது. முழுக்கக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே தகரம் போடலாம் என்கிறார் மேஸ்திரி. இடித்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழைய கட்டடம் என்றாலே இடிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பயம் நியாயமானது. ஈரம் குடித்த சுவர் மழை விட்ட பிறகும் சரியலாம். பழுதுபார்ப்பு தள்ளிப்போன புதுச்சேரி மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2014 நவம்பர் மழையில் விழுந்தது. இப்போது அங்கே நிற்பது புதிதாகக் கட்டியது. ஆகவே பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை பிள்ளைகள் உள்ளே போகவேண்டாம். விரிசல்களின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, உடனே முட்டுக் கொடுக்கவேண்டும். உத்தர முனைகள் சுவருக்குள் புதையும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

சரி, சிமென்ட். வேண்டவே வேண்டாம். உங்கள் சுவர் செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அது ஈரத்தை இழுக்கும், வெயிலில் மெல்ல வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கடலோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலையே பொடியாக்கும். இரண்டு மூன்று வருடம் பளிச்சென்று இருக்கும், அப்புறம் செங்கலோடு பெயர்ந்து விழும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

இப்போதைக்கு மேலே தார்ப்பாய் கட்டி, ஓரங்களில் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். கனமான சுவர் காய மாதக் கணக்கில் ஆகும். பூத்து வரும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளிவிடுங்கள். காரையைத் தட்டிப் பார்த்து, 'டொக்கு' என்று கேட்கும் இடத்தை மட்டும் எடுத்து, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினால் போதும்.

தகரமும் வேண்டாம், அடுத்த புயலில் அது முதலில் பறக்கும். உடையாத ஓடுகளை அடுக்கிவையுங்கள். காற்று தூக்குவது பெரும்பாலும் இறவாரத்திலும் முகட்டிலும்தான். அந்த வரிசை ஓடுகளைக் கம்பியால் கட்டி, கூரைச் சட்டத்தை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரிக்குச் சுண்ணாம்பு வேலை பழக்கமா என்று கேளுங்கள். பழக்கம் என்றால் முதலில் பின்சுவரில் ஒரு சதுர அடி பூசிக் காட்டட்டும்.