பதில்: பழைய 110 கேவி லைனில் 50 மெகாவாட் சோலார் ஏறுமா?

கயத்தாறு பக்கம் 45 மெகாவாட் காற்றாலை ஏற்கெனவே தொங்கும் 110 கேவி (கிலோவோல்ட்) சிங்கிள் சர்க்யூட்டில் (ஒரே ஒரு மூன்று-கம்பித் தொகுதி உள்ள லைனில்) 50 மெகாவாட் சோலாரையும் சேர்க்க, கம்பியை மட்டும் மாற்றினால் போதுமா என்கிறீர்கள். போதாது.

உங்கள் கம்பி தாங்குவது 400 ஆம்பியர் என்றால் √3 × 110 × 0.4 = 76 எம்விஏ (லைனின் மொத்தத் திறன்); 0.95 பவர் ஃபேக்டரில் (அதில் பயன்படும் மின்சாரத்தின் விகிதம்) 72 மெகாவாட்தான். காற்றாலையும் சோலாரும் சேர்ந்த 95 மெகாவாட்டுக்கு 525 ஆம்பியர் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவது அபூர்வம், சரி. ஆனால் ஜூன், ஜூலை மதியத்தில் இரண்டும் நெருங்கி வரும். லோட் ஃப்ளோவை (எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்ற கணக்கை) அந்த நேரத்துக்கு ஓட்டுங்கள். ஆண்டுச் சராசரி ஏமாற்றிவிடும்.

எச்டிஎல்எஸ் கம்பி (அதிகச் சூட்டிலும் அதிகம் தொய்யாத கம்பி) அதே டவரில் 525 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கும். பலர் கோட்டை விடுவது லைனின் இரு முனைகளிலும்தான்: சிடி (மின்னோட்டத்தை அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), ஐசோலேட்டர் (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), ஜம்பர் (இணைப்புக் கம்பி), வேவ் டிராப் (லைன்வழித் தகவல் சிக்னலைத் தடுக்கும் சுருள்) பழைய ரேட்டிங்கிலேயே இருந்தால் புதுக் கம்பி வீண். ரிலே (கோளாறு வந்தால் லைனைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்புக் கருவி) செட்டிங்கையும் திருத்த வேண்டும். கம்பியின் மின்தடை மாறாவிட்டால், 525 ஆம்பியரில் இழப்பு 400 ஆம்பியரில் இருப்பதைப் போல 1.7 மடங்காகும். மீட்டர் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள், அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பது அதில்தான் இருக்கிறது.

இந்த லைன் போய்ச் சேரும் துணை மின்நிலையத்தின் 230/110 கேவி டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்று டிரிப் ஆனால் மீதி தாங்குமா என்றும் பாருங்கள். டவரில் ஒரு பக்கம் காலியாக இருந்தால், என் ஓட்டு இரண்டாவது சர்க்யூட்டுக்கே.