மூன்று ஆப் இருந்தும் ஒர்க்‌ஷீட் கிடைக்கவில்லை!

கேள்வி: மும்பையில் டோம்பிவிலியிலிருந்து மாட்டுங்காவுக்கு லோக்கல் ரயிலில் போய் வரும் கணக்கு டீச்சர் நான். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஐந்து செக்‌ஷன்கள். எந்த வகுப்பில் எதுவரை நடத்தினேன் என்பதே குழம்புகிறது. குறிப்பு எழுதும் ஆப்கள் எவர்நோட், ஒன்நோட், கூகுள் கீப் மூன்றும் போனில் இருக்கின்றன. தேடும்போது ஒர்க்‌ஷீட் மட்டும் அகப்படுவதில்லை. எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்: ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள் டீச்சர். எவர்நோட்டில் 2023 டிசம்பர் முதல் இலவசமாக 50 குறிப்புகள்தான். உங்களுக்கு முதல் பருவத்துக்கே பற்றாது. கீப் கடைக்குப் போகும் லிஸ்டுக்கு அருமை, வருஷம் முழுக்க நடத்தும் பாடத்துக்கு இல்லை. என் ஓட்டு ஒன்நோட்டுக்கு.

அதில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் போதும். ஒன்று பாடங்களுக்கு: அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், ஒர்க்‌ஷீட் எல்லாம் அங்கேதான். ஒரே ஒர்க்‌ஷீட்டை 9ஏ, 9பி இரண்டுக்கும் கொடுப்பீர்கள். வகுப்புவாரியாகச் சேர்த்தால் எதில் போட்டோம் என்று மறுபடி தேடல்தான். கரும்பலகையைப் போட்டோ எடுத்தால், கீழே தேட வசதியாக இரண்டு வார்த்தை தட்டிவிடுங்கள்.

இன்னொன்று வகுப்புகளுக்கு: செக்‌ஷனுக்கு ஒரு பக்கம். மணி அடித்ததும், வகுப்பை விட்டு வெளியே வருமுன், தேதியோடு ஒரே ஒரு வரி. “9பி: பயிற்சியில் ஏழாவது கணக்கு வரை. பின்னம் வந்தாலே தடுமாற்றம்.” அவ்வளவுதான். ரயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். காலையில் நிற்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. மாலைக்குள் ஐந்து வகுப்பும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஜூலை மழைக்குத் திடீரென்று லீவு விட்டு, ஒரு செக்‌ஷன் முன்னே ஓடி இன்னொன்று பின்தங்கும்போதுதான் இந்த ஒரு வரியின் அருமை தெரியும். சிக்னல் இல்லாவிட்டாலும் எழுதலாம், நெட் வந்ததும் தானே சேர்ந்துகொள்ளும்.

பிள்ளைகளின் வீட்டு விவகாரம், போன் நம்பர் எதுவும் இதில் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் யாருக்காவது நோட்டைப் பகிரும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். ரோல் நம்பர் போதும். மதிப்பெண்ணுக்கு எக்செல் இருக்கிறது. பாடக்குறிப்பைக் காகிதத்தில்தான் காட்ட வேண்டும் என்று பள்ளியில் கேட்டால், கொடுத்துவிடுங்கள், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் கிடக்கும் பழைய போட்டோக்களை எல்லாம் உள்ளே ஏற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பலி கொடுக்காதீர்கள். எது தேவைப்படுகிறதோ அதை அன்றைக்கு எடுத்துப் போட்டால் சரி.