கண்டுபிடிப்பாளர் ஆக எந்தப் பாடப்பிரிவு?

கேள்வி: எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அப்பா கூலிக்கு நெய்கிறார். பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) அறுந்தால் சத்தம் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்றைப் பள்ளிக் கண்காட்சிக்குச் செய்தேன், பரிசு கிடைத்தது. புதுப்புது இயந்திரங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. மாமா ஏ.ஐ. எடு என்கிறார். டீச்சர் ரோபோட்டிக்ஸ் என்கிறார். "படிக்காதவங்கதான் நிறையக் கண்டுபிடிச்சிருக்காங்க, காலேஜ் எதுக்கு?" என்கிறான் அண்ணன். நான் என்ன படிக்கட்டும்?
- பிளஸ் டூ மாணவி, குமாரபாளையம்

பதில்: அன்பு மகளுக்கு,

உன் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கோவையில் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்து 2016இல் பத்மஸ்ரீ பெற்ற முருகானந்தமும் பள்ளியைப் பாதியில் விட்டவர்தான். மீதிப் பாதியைச் சொல்ல, தறிக்காரர் குடும்பம் ஒன்றின் கதையே இருக்கிறது.

ஜப்பானில் சக்கிச்சி டொயோடா என்று ஒருவர். 1867இல் பிறந்தவர், தச்சர் மகன். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றுபோனது. மரக் கைத்தறியில் ஆரம்பித்து, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் விசைத்தறி வரைக்கும் கைவேலையாலேயே வந்தார். ஆனால், ஓடுகிற தறியை நிறுத்தாமலே நாடாவை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டையை, மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி 1924இல்தான் முழுமை பெற்றது. அதில் மகன் கிச்சிரோவின் பங்கு பெரியது. அவர் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்தவர். அந்தத் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. டொயோட்டா கார் பிறந்தது இந்தக் குடும்பத்தில்தான். அப்பாவின் கையும் மகனின் கணக்கும் சேர்ந்து செய்த வேலை அது. உனக்கு இரண்டுக்குமே வாய்ப்பு இருக்கிறது, ஒன்றை ஏன் விட வேண்டும்?

உன் கருவிக்கு வருகிறேன். நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் ஏற்பாடு பெரிய ஆலைகளில் பல காலமாக இருக்கிறது. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்கும். நூல் அறுந்ததும் தகடு விழுந்து மின்சுற்றைத் தொடும், தறி நின்றுவிடும். இதைக் கேட்டு மனம் விட்டுவிடாதே. பதினேழு வயதில் நீயாகவே அந்தப் பிரச்சினையிடம் போய் நின்றிருக்கிறாய் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம் தருகிறது. இனி நீ கேட்க வேண்டியது, அது ஏன் உங்கள் வீட்டுத் தறியில் இல்லை என்பதைத்தான். விலையா? பஞ்சுத் தூசியா? பழைய தறியில் மாட்ட இடமில்லையா? அப்பாவிடமும் பக்கத்துத் தறிக்காரர்களிடமும் கேட்டு எழுதி வை. பிறகு கூகுள் பேட்டண்ட்ஸ் தளத்தில் பழைய காப்புரிமைகளைத் தேடிப் படி, காசு கிடையாது. மற்றவர்கள் எதுவரை வந்து நின்றார்கள் என்று தெரியும்.

பாடப்பிரிவு பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் கற்றுக்கொள்ள முடியாததைக் கல்லூரியில் படி. தறியின் ஓட்டம், பல்சக்கரம், பெல்ட் எல்லாம் பிறந்ததிலிருந்து உன் கண்முன்னே ஓடுகின்றன. உனக்கு இல்லாதது மின்சாரமும் சென்சாரும் கட்டுப்பாடும். அதனால் டிரிபிள் ஈ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) அல்லது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் உனக்குப் பொருந்தும். இரண்டும் கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல். ஏ.ஐ., ரோபோட்டிக்ஸ் என்று முதல் டிகிரியிலேயே குறுகிய பெயருள்ள பிரிவுக்குள் போவதை நான் விரும்பவில்லை. அடிப்படை பலமாக இருந்தால் அவற்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். புரோகிராமிங் வீட்டில் உட்கார்ந்தே பழகலாம், மோட்டார் லேப் வீட்டில் கிடைக்காது. இயற்பியலையும் கணக்கையும் மட்டும் தேர்வுக்காகப் படித்து மறந்துவிடாதே.

படித்து முடித்ததும் முதல் வேலை இயந்திரம் செய்கிற இடத்தில் அமைவது நல்லது. கோவையில் ஜவுளி இயந்திரத் தொழிற்சாலைகள் உண்டு, சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் உண்டு. முதல் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டு மூன்று வருடம் பொறுத்துக்கொள். மேற்படிப்பை இப்போதே முடிவு செய்யாதே. வேலையில் தெரியாத ஒன்று வந்து வழிமறிக்கும்போது, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதிப் போகலாம், உதவித்தொகையோடு படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இனி புதிதாக எதையாவது செய்தால் கண்காட்சியில் வைக்கும் முன்பே, யூடியூபில் போடும் முன்பே, தற்காலிக விவரக்குறிப்போடு காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடு. முதலில் ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதியது அல்ல என்று விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். தற்காலிக விண்ணப்பம் போட்ட பிறகு முழு விவரம் கொடுக்க 12 மாத அவகாசம் உண்டு. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும்.

பணத்தைப் பற்றி நீ எழுதவில்லை, ஆனால் அப்பா யோசிப்பார். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேள். அதில் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன், எட்டும் தூரத்தில் இருக்கிற இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வா. கட்டடத்தைப் பார்க்காதே, ஒர்க்‌ஷாப்பைப் பார். வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்களை அங்கே வேலை செய்ய விடுகிறார்களா என்று கேள். கடைசி வருட மாணவர்கள் யாராவது இருந்தால், புராஜெக்ட்டை அவர்களே செய்தார்களா, கடையில் காசு கொடுத்து வாங்கினார்களா என்றும் கேள். வாங்குவதுதான் வழக்கம் என்று சொன்னால், அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடு.