ஜெர்மனி, ஜப்பான், வளைகுடா: விற்பனைத் தளத்தை வேற்று நாட்டுக்கு மாற்றும்போது எங்கே இடறும்?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் விற்பனைத் தளம் இருக்கிறது. ஜெர்மனி, ஜப்பான், வளைகுடா நாடுகளிலிருந்தும் ஆர்டர் எடுக்க நினைக்கிறோம். எல்லாப் பக்கங்களையும் மொழிபெயர்க்கக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. எல்லாப் பக்கங்களையும் ஒரே நேரத்தில் கொடுக்கவும் வேண்டாம். முதலில் ஒரு சந்தையை மட்டும் எடுங்கள். பொருள் பக்கம், கூடை, முகவரி, பணம் செலுத்தும் பக்கம், உறுதி மின்னஞ்சல், பொருளைத் திருப்பி அனுப்பும் விதிகள் என்ற இந்தப் பாதையை அந்த மொழியில் முழுசாக முடியுங்கள். முகப்புப் பக்கம் அருமையான ஜெர்மனில் இருந்து, கார்டு ஏற்கப்படவில்லை என்ற செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வந்தால், வாங்க வந்தவர் அங்கேயே தயங்கிவிடுவார்.

மொழிபெயர்ப்பாளரிடம் போகும் முன் நிரலில் வேலை இருக்கிறது. திரையில் தெரியும் எல்லா வாசகங்களையும் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். வாக்கியத்தைத் துண்டுகளாக வெட்டி எண்ணோடு ஒட்டாதீர்கள். 'கூடையில் 3 பொருட்கள்' என்பதற்கு ஜப்பானியத்தில் ஒரே வடிவம் போதும், ஜெர்மனில் இரண்டு வேண்டும், அரபியில் ஆறு வகை உண்டு. எண்ணுக்கேற்ற வாக்கிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் ஐசியு மெசேஜ்ஃபார்மட் (ICU MessageFormat) முறை இதற்காகவே இருக்கிறது. ஜெர்மன் வாசகம் ஆங்கிலத்தைவிட 30 சதவீதம்வரை நீளலாம். பட்டனின் அகலத்தை நிலையாக வைத்திருந்தால் எழுத்து வெட்டுப்படும்.

பணத்தில் நடக்கும் பிழைதான் ஆபத்தானது. பல பேமென்ட் கேட்வேக்கள் (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவைகள்) தொகையை அந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும். டாலருக்குப் பழகிய நிரல் எதையும் 100-ஆல் பெருக்கி அனுப்பும். யென்னுக்குச் சில்லறை அலகே கிடையாது. 5,000 யென் பொருளுக்கு 5,00,000 யென் பிடித்தம் ஆகிவிடும். குவைத் தினாருக்கோ மூன்று தசம இடங்கள். அங்கே பத்தில் ஒரு பங்குதான் வசூலாகும். ஜெர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐநூறு. உங்கள் நிரல் அதை ஒன்றரை என்று படிக்கும். 04/05 என்ற தேதியை ஏப்ரல் 5 என்பாரும் உண்டு, மே 4 என்பாரும் உண்டு. இவற்றைக் கையால் எழுதாமல் உலாவியிலேயே இருக்கும், எண், நாணயம், தேதியை நாட்டுக்கேற்ப எழுதித் தரும் 'இன்ட்ல்' (Intl) வசதியிடம் விடுங்கள்.

அரபிக்குப் பக்கம் முழுவதும் வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்-இல் இடது, வலது என்று எழுதியதையெல்லாம் தொடக்கம், முடிவு என்று மாற்றினால் பெரும்பகுதி தானே திரும்பும். பின்செல்லும் அம்புக்குறி திரும்ப வேண்டும். லோகோவும் வீடியோ பிளே குறியும் திரும்பக் கூடாது. தொலைபேசி எண்ணைக் கவனியுங்கள். +971 50 123 என்று தொடங்கும் எண் அரபி வரிக்குள் 123 50 971+ என்று தலைகீழாகத் தெரியும். இதைப் பார்த்து யாரும் உங்களை அழைக்க முடியாது. எண்ணுக்கு மட்டும் இடமிருந்து வலம் என்று திசை குறித்தால் சரியாகிவிடும். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் அலங்காரத்தையும் அரபியில் எடுத்துவிடுங்கள், கூட்டெழுத்து உடைந்துபோகும்.

ஜப்பானியப் படிவத்தில் குடும்பப் பெயர் முதலில் வரும். பெயரின் உச்சரிப்பைக் கானாவில் (ஜப்பானிய ஒலி எழுத்து) எழுத இன்னொரு பெட்டி வேண்டும். ஏழு இலக்க அஞ்சல் எண்ணைத் தட்டினால் முகவரி தானே நிரம்புவது அங்கே வழக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அஞ்சல் எண்ணே இல்லை. அதைக் கட்டாயப் பெட்டியாக வைத்தால் ஆர்டர் நகராது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் பழைய 'யூடிஎஃப்8' வகை ஓர் எழுத்துக்கு மூன்று பைட்வரைதான் ஏற்கும். யோஷிதா என்ற குடும்பப் பெயரின் ஒரு வடிவத்துக்கு நான்கு பைட் தேவை. 'யூடிஎஃப்8எம்பி4'-க்கு மாறிவிடுங்கள்.

பணம் செலுத்தும் வழியும் ஊருக்கு ஊர் வேறு. ஜெர்மனியில் பொருள் வந்தபின் பில்லுக்குப் பணம் அனுப்பும் முறையைப் பலர் விரும்புகிறார்கள். ஜப்பானில் பக்கத்துக் கன்வீனியன்ஸ் கடையில் கட்டலாம். சட்டத்தையும் பாருங்கள்: ஜெர்மனியில் நுகர்வோருக்கு விற்கும் தளத்தின் கடைசிப் பட்டன், 2012 ஆகஸ்ட் 1 முதல், பணம் கட்டும் கடப்பாட்டுடன் ஆர்டர் செய்வதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெறும் 'ஆர்டர் செய்' போதாது. ஒப்பந்தமே செல்லாமல் போகும். நிறுவனப் பெயர், முகவரி கொண்ட 'இம்ப்ரெசும்' பக்கமும் கட்டாயம்.

கூகுளுக்காக ஒவ்வொரு மொழிப் பக்கத்துக்கும் தனி முகவரி கொடுத்து, எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று சொல்லும் எச்ரெஃப்லாங் (hreflang) குறியால் அவற்றை இணையுங்கள். இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்டாவிட்டால் அந்தக் குறி கணக்கில் வராது. ஐபி முகவரியைப் பார்த்து வருபவரைத் தானாக வேறு பக்கத்துக்குத் தள்ளாதீர்கள். கூகுளின் தேடல் நிரல் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்தே வருவதால் மற்றப் பக்கங்கள் அதன் கண்ணில் படாமலே போகலாம். மொழியைத் தேர்வு செய்யக் கொடிகளும் வேண்டாம், அரபிக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவீர்கள்? மொழியின் பெயரை அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

வெளியிடும் முன், அந்தந்த நாட்டில் வசிக்கும் ஒருவரைத் தன் கைபேசியில், தன் சொந்த முகவரிக்கு உண்மையாகவே ஒரு பொருளை வாங்கச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் திருப்பி அனுப்பவும் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் நின்று யோசித்தார் என்று கேட்டு, அந்த இடங்களை முதலில் திருத்துங்கள்.